மூன்றரை மில்லிமீட்டர்

ஜனவரி 9

சுண்டுவுக்கு,

இதைப் போனில் கேட்டிருப்பேன். இரண்டே அறை உள்ள வீட்டில் நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மாவின் காது அங்கே வந்து நிற்கும். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதிப் பதில் சொல். வீட்டுக்கு வேண்டாம், என் ஃபேக்டரி முகவரிக்கு.

அப்பாவின் திதிக்கு வந்தாய். இரண்டு நாள் நல்ல பிள்ளையாக இருந்தாய். போகும்போது ஷோகேஸில் இருந்த பொம்மை ரயில் இன்ஜினை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதே இடத்தில் கடையில் வாங்கிய இன்னொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதே நீலம், அதே மஞ்சள் பட்டை. அம்மாவுக்குக் கண் மங்கல், தெரியாது என்று நினைத்துவிட்டாய். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? மறுநாள் தூசி தட்ட எடுத்தவள் கையில் பிடித்த உடனே சொல்லிவிட்டாள். "இது அவர் இன்ஜின் இல்லைடி. பதினோரு வருஷமா தொடைக்கிறேன். பின்னாடி ஏணியில ஒரு கம்பி ஒடைஞ்சிருக்கும். இதுல ஒடையலை." அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அது என்ன இன்ஜின் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அப்பா ஓட்டிய அதே வகை என்று உன் பதினைந்தாவது வயதில் அவரே வாங்கிக் கொடுத்தது. அவர் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் நின்றிருந்த ரயிலில் மோதிச் செத்தார் என்று ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசியபோது, அவர் இருந்த இடத்திலிருந்து அந்த சிக்னல் தெரிந்திருக்கவே முடியாது என்று நாம் மூன்று பேரும் தெரிந்துகொண்டது அந்தப் பொம்மையை வைத்துத்தான். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அம்மா அதை எடுத்துக் காட்டித்தான் பேசுகிறாள். அவளுக்கு அது சாட்சி. எனக்கும் அதுதான் சாட்சி. அதை நம்பி நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும்.

விற்றுவிட்டாயா, தொலைத்துவிட்டாயா? எதுவானாலும் உண்மையை எழுது. கையில் இருந்தால் இந்த வாரமே அனுப்பு.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

திருடன் எழுதுகிறேன். எடுத்தது நான்தான். ஏணிக்கம்பியை மறந்துவிட்டேன். அம்மாவைப் போலீஸில் சேர்த்திருக்கலாம்.

விற்கவில்லை, தொலைக்கவில்லை. என் அறையில், மேஜை மேல், விளக்குக்குக் கீழே இருக்கிறது. ஆனால் உடனே அனுப்ப முடியாது. கோபப்படாமல் மேலே படி. அதை நான் அறுத்துவிட்டேன்.

கிறுக்குப் பிடித்து அறுக்கவில்லை. அந்தப் பொம்மையின் அளவு தப்பு அக்கா. அட்டையில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்று பெரிதாகப் போட்டிருப்பான். நீளம் சரிதான். ஆனால் அந்தக் காலத்து மோட்டார் குண்டு. அதை உள்ளே திணிக்க வேண்டுமே என்று, கேபினுக்கு முன்னால் நீளமாகப் போகிறதே, அப்பா 'மூக்கு' என்பாரே, அந்தப் பகுதியைக் கம்பெனிக்காரன் அகலமாக்கிவிட்டான். சக்கரத்தின் ஓர விளிம்பு நிஜத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆழம், தண்டவாளத்தை விட்டு இறங்கக் கூடாதாம். அந்த விளிம்பு அடியில் இடிக்காமல் இருக்க உடம்பையே தூக்கி வைத்துவிட்டான். மொத்தத்தில் அண்ணன் கோட்டைத் தம்பி போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி.

பகல் முழுக்க லேபில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் கட்டுகிறேன். கால் மில்லிமீட்டர் உயர்ந்தால் கடிக்க வரவில்லை என்று திரும்பி வந்துவிடும். அதே டிரில், அதே அரம், அதே பிசின்தான் இதற்கும். மூக்கின் நடுமுதுகில் கோடு போட்டு, முடி மாதிரி மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் விரல் நகத்துக்குக்கூடத் தட்டுப்படாது. பழைய மோட்டாரைக் கடாசிவிட்டு மொச்சைக்கொட்டை அளவில் புதிது ஒன்று வைத்தேன். சக்கர விளிம்பைத் தேய்த்தேன், உடம்பை இறக்கினேன். மூக்கிலிருந்து எடுத்தது மொத்தம் மூன்றரை மில்லிமீட்டர். நிஜ இன்ஜினில் அது ஒரு அடி. பக்கத்துக்கு அரை அடி. யோசித்துப் பார், அரை அடி! அது போனதும் இன்ஜினுக்கு முகமே வேறாகிவிட்டது. அப்பா கேபின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வருவாரே, அப்படியே இருக்கிறது.

பெயின்ட் காயட்டும், நானே கொண்டுவந்து வைக்கிறேன். அதுவரை ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி வை. அது பொய்யும் இல்லை.

சுண்டு


ஜனவரி 28

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முதல் தடவை படித்துச் சிரித்தேன். அம்மாவைப் போலீஸில் சேர்க்கும் இடத்தில். இரண்டாம் தடவை படிக்கும்போது "பக்கத்துக்கு அரை அடி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

நான் துணி வெட்டுகிறவள். ஐம்பது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஒரே கத்தியில் வெட்டுகிறேன். மேலே வைக்கிற அட்டை கால் அங்குலம் பிசகினால் ஐம்பது சட்டையும் பிசகும். பிறகு தைக்கிறவளைத் திட்டிப் பயனில்லை. அரை அடி என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். நீ பதினேழு வயதுப் பையன். தண்டவாளத்து ஓரமாகவே நடந்து ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணி அந்த வளைவை அளந்துகொண்டு வந்தாய். சாப்பாட்டு மேஜையில் தண்டவாளத்தை அதே மாதிரி வளைத்துப் போட்டாய். சிக்னல் நின்ற இடத்தில் ஒரு தீக்குச்சி. வளைவு இடப்பக்கம் திரும்புகிறது, அப்பா உட்கார்வது வலப்பக்கம். "அக்கா, உன் நூல்கண்டைக் கொடு" என்றாய். நூலின் ஒரு முனையை அப்பா உட்காரும் பக்கத்து முன்கண்ணாடியில் நீ வைத்தாய். மறுமுனையைத் தீக்குச்சியில் நான் பிடித்தேன். நடுவில் நூல் மூக்கின் ஓரத்தில் இடித்து வளைந்தது. நேராகப் போகவில்லை. மூன்று தடவை பிடித்துப் பார்த்தோம். மூன்று தடவையும் இடித்தது. அம்மா மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, "அவர் மேல தப்பில்லை, அவர் மேல தப்பில்லை" என்று அழுதாள்.

அப்படியானால் பார்த்திருக்கக்கூடியவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அப்பாவின் உதவி டிரைவர். எனக்கென்று பேசி முடித்திருந்தவர். "மாமாதான் பச்சைன்னு சொன்னாரு, அவர் பக்கத்துல இருந்து சிக்னல் நல்லாத் தெரியும்" என்று விசாரணையில் சொன்னவர். செத்தவர் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்று அம்மா குவார்ட்டர்ஸில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ச் சொன்னாள். நான் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அவர் கொடுத்த வாட்சைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். ஏதோ சொல்ல வந்தார். "நூல் பிடிச்சுப் பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

இப்போது மூக்கு பக்கத்துக்கு அரை அடி குறைந்துவிட்டது என்கிறாய். அதுதான் நிஜ அளவு என்றும் சொல்கிறாய். அப்படியானால் நூல் இப்போது எங்கே போகிறது?

பெயின்ட், பிசின் கதையெல்லாம் வேண்டாம். இடிக்கிறதா, இடிக்கவில்லையா? ஒரே வார்த்தை.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நீ கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

முதலில், அந்த வளைவை அளந்தவன் நான். பதினேழு வயதில் அழுதுகொண்டே கட்டைகளை எண்ணியவன் சரியாகத்தான் எண்ணியிருப்பான் என்று என்ன நிச்சயம்? இரண்டாவது, அப்பாவின் சீட்டு உயரம் நமக்குத் தெரியாது. பழைய சீட்டு, பஞ்சு அமுங்கிப் போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்றாவது, அன்று காலையில் மூட்டமாக இருந்தது என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று ஒருவர் சொன்னார். நூலுக்கு மூட்டம் தெரியாது. நேர்கோட்டில் பார்க்க வழி இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். பார்த்தாரா என்று சொல்லாது. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லாது.

இதையெல்லாம் விட்டாலும், நூலைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் இங்கே தனியாக இருக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? அதை நீ எழுதவே இல்லை.

சுண்டு


பிப்ரவரி 11

ஆணியில் கட்டு. பல்லால் கடித்துக்கொள். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறாயே, உனக்கு ஒன்றும் இல்லையா?

அம்மா கண்ணைப் பற்றி இப்போது ஞாபகம் வந்ததா?

நீ ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். இத்தனை காரணம் எழுதினாய் பார், அதிலேயே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீ உன் கையால் எழுத வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

இடிக்கவில்லை.

ஆணியில்தான் கட்டினேன். நூல் மூக்கைத் தொடாமல் நேராகத் தீக்குச்சிக்குப் போகிறது. நடுவில் ஒரு தபால் அட்டையை நுழைக்கலாம், அவ்வளவு இடைவெளி. சீட்டை இறக்கிப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன். வளைவை நானே வேண்டுமென்று இன்னும் முறுக்கினேன். அப்படியும் இடிக்கவில்லை. அப்பா இருந்த இடத்திலிருந்து அந்த சிக்னல் தெரிந்திருக்கும்.

எழுதிவிட்டேன். கூடவே இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டால் நீ எப்படியும் அடுத்த கடிதத்தில் கண்டுபிடித்துவிடுவாய்.

இது எனக்கு இந்த ஜனவரியில் தெரிந்ததில்லை. வருகிற ஆகஸ்ட் வந்தால் ஐந்து வருஷம். லேபுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் பழைய இன்ஜின்களை உடைத்து இரும்பு எடுக்கும் யார்டு ஒன்று இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் இன்ஜின் நின்றது. அதே எண் இல்லை, அதே வகை. வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய் அதன் மேலே ஏறினேன். பையில் டேப் இருந்தது. மூக்கின் அகலத்தை அளந்து, பேப்பர் இல்லாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கேபினுக்குள் போய் அப்பா சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தேன். அங்கேயே தெரிந்துவிட்டது அக்கா. நூலே தேவைப்படவில்லை. அறைக்கு வந்து கையைக் கழுவினேன். கழுவிய பிறகும் அந்த எண் எனக்கு மறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஊருக்குக் கிளம்பினேன். வந்து பார்த்தால் அம்மா யாரோ ஒரு பெண்மணியிடம் பொம்மையைக் காட்டி, "என் பையன்தான் கண்டுபிடிச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ அந்த உதவி டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசி வருஷக்கணக்காகியிருந்தது. நீ மறந்துவிட்டாய், இனிமேல் கிளறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் அந்த ஷோகேஸ் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. குண்டு மூக்கோடு அது அங்கே நின்று எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து சொல்லத் தைரியம் இல்லாதவன், அதையாவது சரிப்படுத்திவிடலாம் என்று எடுத்துவந்தேன். சரியான அளவில் செய்து, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டால், யாருக்கும் தெரியாமல் உண்மை உள்ளே வந்துவிடும் என்று நினைத்தேன். எழுதிப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு பெரிய கோழைத்தனம் என்று தெரிகிறது.

இன்ஜினைப் பார்சலில் அனுப்புகிறேன். தீக்குச்சி, தண்டவாளம், அன்று நீ கொடுத்த நூல்கண்டு எல்லாம் பெட்டியில் இருக்கிறது. அந்த நூலை நான்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன்.

சுண்டு


மார்ச் 16

சுண்டுவுக்கு,

பார்சல் வந்த அன்றே எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் எழுதியிருப்பேன். அதனால் பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போனேன். வேலையை விட்டு எடுத்த பிறகு அவர் எங்கே போனார் என்று நீ ஒரு நாளாவது விசாரித்தாயா? நானும் விசாரிக்கவில்லை. எங்கள் ஃபேக்டரியில் பட்டன் கொண்டுவந்து போடுகிறவர் சொன்னார். ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி, பட்டன் பலகை. இன்ஜின் ஓட்ட வேண்டியவர் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருக்கிறார்.

கதவு திறந்ததும் என்னைப் பார்த்தார். "எத்தனாவது மாடி?" என்றார். "ஆறு" என்றேன். ஸ்டூலை விட்டு எழுந்து, "உக்காருங்க" என்றார். எழும்போது இடது காலை இழுத்துக்கொண்டுதான் எழுந்தார்.

ஆறாவது மாடியில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்து இன்ஜினை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தேன். குனிந்து பார்த்தார். சுண்டு, அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "மூக்கு சரியா இருக்கே. யாரு, தம்பி பண்ணினதா? நல்ல வேலை. கடையில விக்கிறது குண்டா இருக்கும்." உன் வேலையைப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான், எழுதி வைத்துக்கொள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை, தீக்குச்சி, நூல், வாட்ச். நடுவில் யாராவது ஏறுவார்கள், "மூணு" என்பார்கள், பேச்சு நின்றுவிடும். அவர்கள் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து சொல்வேன். இப்படி நான்கு தடவை மேலே போய்க் கீழே வந்தோம். பெட்டியிலிருந்து நூலை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"எனக்கு எதுக்குங்க நூலு? நான் அந்த இன்ஜின்ல உக்காந்து இருந்தவன். மாமா சீட்டுல இருந்து தெரியும்னு எனக்குத் தெரியும். அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்."

பெட்டியை மூடினேன்.

"அந்த நேரத்துல நான் பின்னாடி பெட்டிங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மாமா 'பச்சை'ன்னாரு. நான் திரும்பிக்கூடப் பார்க்காம 'பச்சை'ன்னேன். ரெண்டு பேரும் பார்த்துத்தான் சொல்லணும், அதான் சட்டம். மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அந்தத் தப்பு என்னுது. அதையும் சேர்த்துத்தான் விசாரணையில சொன்னேன். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சொன்னார்கள். நம் காதில் விழவில்லை. நமக்குத்தான் நூல் இருந்ததே.

"நீங்க அன்னைக்குப் பொம்மையைக் கேட்டீங்க," என்றார். "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான். "உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க" என்றார். "ரெண்டாவது மாடியில டாக்டர் இருக்காரு. உங்க குவார்ட்டர்ஸ்காரங்க வருவாங்க. என்னைப் பார்த்ததும் திரும்பிப் படியேறிப் போறாங்க. மூட்டு வலிக்காரங்ககூடப் படியில போறாங்க. அது ஒண்ணுதான் ஒரு மாதிரியா இருக்கு."

பட்டன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை போட்டோ ஒட்டியிருந்தது. "பொண்ணு, ரெண்டரை வயசு" என்றார். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். வருகிற மே வந்தால் நான்கு வருஷம் என்றார். "ரொம்ப நாள் வேண்டாம்னுதான் இருந்தேன். அம்மா தொந்தரவு தாங்காமப் பண்ணிக்கிட்டேன்." ஏன் வேண்டாம் என்று இருந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்துகொண்டது, ஐந்தாறு பேர் ஏறினார்கள். நான் இறங்கிவிட்டேன்.

நீ யார்டில் டேப் பிடித்தது ஆகஸ்ட். அவர் கல்யாணம் அடுத்த மே. நடுவில் ஒன்பது மாசம் இருந்தது சுண்டு. ஒன்பது மாசம் உன் உள்ளங்கையில் அந்த எண் இருந்தது.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து லேபில் இரண்டு செட் பல்லைக் கெடுத்துவிட்டேன். முதலாளி திட்டினார். திட்டட்டும்.

எனக்கு அது தெரியாது. அவர் அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்தார் என்பதும், நீ இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாய் என்பதும் சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் குறைந்துவிடாது, அதுவும் தெரிகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அடிக்க வந்தாலும் பரவாயில்லை. நூலின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்தது நீ. நான் பதினேழு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவன், கையில் ஒரு பொம்மை இருந்தது, அதை நம்பினேன். உனக்கு இருபத்து நான்கு. உன் கையில் ஒரு மனுஷன் இருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று நானா சொன்னேன்? வாட்சை வைத்துவிட்டு வரச் சொன்னேனா? எல்லாவற்றையும் என் ஒன்பது மாசத்தில் கொண்டுவந்து கொட்டாதே. பாக்கிப் பத்து வருஷம் யாருடையது?

எழுதிவிட்டேன், கிழிக்கப் போவதில்லை. நீயும் நானும் இதைச் சொல்லிக்கொள்ளாமல் எத்தனை நாள் இருப்பது?

அடுத்த மாசம் நடுவில் கிளம்பி வருகிறேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன். கண்டுபிடித்தவன் என்று என்னைத்தானே ஊரெல்லாம் சொன்னாள், தப்பாகக் கண்டுபிடித்தேன் என்றும் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தக் கட்டிடத்துக்கும் போகிறேன். அதுவரை நீ அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

சுண்டு


ஏப்ரல் 2

சுண்டுவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ஆனாலும் நீ எழுதியது சரி. பாக்கிப் பத்து வருஷம் என்னுடையது. அதற்கு நான் உன்னிடம் கணக்குக் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதே மேஜையில் தண்டவாளத்தை வளைத்துப் போட்டேன். தீக்குச்சியை நட்டேன். நூலின் ஒரு முனையை அம்மா கையிலேயே கொடுத்தேன். நேராகப் போயிற்று. கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவிப் பார் என்றேன். தடவிப் பார்த்தாள். அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். லிஃப்டைச் சொன்னேன், படியேறிப் போகிறவர்களைச் சொன்னேன். அப்பா ஒரு கணம் தப்பாகப் பார்த்துவிட்டார், அதற்காக அவர் நமக்கு அப்பா இல்லாமல் போய்விட மாட்டார் என்று சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் நல்ல டிரைவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா அழவில்லை. இன்ஜினைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ரொம்ப இளைச்சுப் போச்சே" என்றாள். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அந்தப் பையன் உயிரோட இருக்கான்டி. அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, புள்ளை இருக்கு, பேச வாய் இருக்கு. இவருக்கு யாரு இருக்கா, என்னை விட்டா?"

உன்னிடம் உண்மையைச் சொல்லச் சொன்னார், அவர் கேட்டது அந்த ஒன்றுதான் அம்மா என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. எழுந்து போய் ஷோகேஸைத் திறந்தாள். நீ கடையில் வாங்கி வைத்துவிட்டுப் போனாயே, ஜனவரியில் அவர் இன்ஜின் இல்லை என்று சோறு தின்னாமல் கிடந்தாளே, அந்தக் குண்டு இன்ஜினை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். பின்பக்கத்து ஏணியைத் தடவி, ஒரு கம்பியை நகத்தால் நெம்பி ஒடித்தாள். ஒடித்த துண்டை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இதுதான் அவர் இன்ஜின்" என்றாள்.

உன்னுடையதை இந்தப் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறேன். நூல்கண்டு என்னிடம் இருக்கட்டும்.

நீ வருவதானால் வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்து சொல்லிப் பார். நான் சொல்லிவிட்டேன் என்று பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இதையும் எழுதாமல் முடித்தால் நானும் உன்னைப் போலத்தான். அன்று சாயந்தரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் பார்க்க வந்தாள். அம்மா ஷோகேஸிலிருந்து அந்த இன்ஜினை எடுத்து அவள் கையில் கொடுத்து, அந்த சிக்னல் அவருக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் இருந்த பாவிதான் பார்த்தும் சொல்லவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படியாக்கா?" என்று கேட்டாள்.

காபி ஆறிவிடும், குடிங்க என்றேன்.

அக்கா